ஊர்க் குரூப்பிலிருந்து ஒருவரைத் தூக்கும் முன்

அம்பாசமுத்திரம் பக்கமோ நாங்குநேரி பக்கமோ, ஓர் ஊரின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பார்த்தால் அதில் வருவது அரட்டை மட்டும் அல்ல. இன்னார் வீட்டில் துட்டி (சாவு), எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். இந்த வருஷம் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) தலைக்கட்டு வரி எவ்வளவு. கால்வாய்த் தண்ணீர் எந்த மடை வரை வந்திருக்கிறது. ரேஷன் கடையில் பாமாயில் வந்ததா. தாராவியிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரருக்கு ஊர் என்பதே பாதி அந்த குரூப்தான்.

அதனால் ஒருவரைத் தூக்கும்போது அவர் வாயோடு சேர்த்து அவர் காதையும் அடைத்துவிடுகிறோம். துட்டிக்குத் தாக்கல், அதாவது தகவல், கிடைக்காமல் போய், "சொந்தத்துல சாவு, எட்டிப் பாக்கலியே" என்று அவருக்குப் பழி வரும். தண்ணீர் முறை மாறியது தெரியாமல் பிசானப் பயிர் காயும். நம் பக்கத்தில் ஊர்விலக்கு என்ற பழைய வழக்கம் எத்தனை குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி எந்த ஊர்க் கூட்டத்துக்கும் அந்த அதிகாரம் இல்லை. குரூப்பில் தூக்குவது அந்த வழக்கத்தின் கைபேசி வடிவமாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அட்மினுடைய முதல் கடமை. கீழே உள்ள வேலைகள் எல்லாம் அதற்காகத்தான்.

தாக்கல் வேறு, பேச்சு வேறு

முதலில் குரூப்பை இரண்டாக்குங்கள். ஒன்று தாக்கல் குரூப். அதன் அமைப்புகளில் செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். துட்டி, வரி, தண்ணீர், மின்தடை, மருத்துவ முகாம், வெள்ள எச்சரிக்கை மட்டும் இதில் வரும். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம், பெரும்பாலான ஊர்களுக்கு இது போதும். இன்னொன்று பேச்சுக் குரூப், அங்கே எல்லோரும் எழுதலாம்.

தூக்குவது என்றால் அது பேச்சுக் குரூப்பிலிருந்து மட்டுமே. தாக்கல் குரூப்பிலிருந்து யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் தண்டனையாகத் தூக்கக் கூடாது. அங்கே அவரால் எழுதவே முடியாது, அதனால் அவரால் கெடுதலும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை தாண்டிய மாதிரி ஒரு நாள் வந்தால், போன மாதம் சண்டை போட்டவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரத்தான் செய்யும்.

இந்த இரண்டையும் வாட்ஸ்அப்பின் 'கம்யூனிட்டி' வசதிக்குள் சேர்த்து வைப்பது வசதியாகத் தோன்றும். ஆனால் கம்யூனிட்டியிலிருந்து ஒருவரை நீக்கினால் அதற்குள் இருக்கும் எல்லா குரூப்பிலிருந்தும் அவர் போய்விடுவார். அவசரத்தில் கை தவறி நடப்பது இதுதான். தனித்தனி குரூப்பாகவே வைத்திருப்பது பாதுகாப்பு.

எண் போட்ட விதிகள்

விதிக்கு எண் இருந்தால்தான் தூக்கும்போது காரணம் சொல்ல முடியும். ஆறேழு போதும். "மரியாதையாகப் பேச வேண்டும்" என்று எழுதாதீர்கள், அதை அளக்க முடியாது. அட்மினுக்குப் பிடிக்காதவர் பேசினால் மட்டும் அது அவமரியாதையாகிவிடும். கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதை மட்டும் விதியாக்குங்கள். நம் பக்கத்துக்குப் பொருந்தும் ஒரு பட்டியல்:

1. சாதியைப் பெருமையாகவோ இழிவாகவோ காட்டும் பாட்டு, வீடியோ, படம் கூடாது.
2. பெண்கள், குழந்தைகள் படத்தை அவர்களோ பெற்றோரோ சம்மதிக்காமல் போடக் கூடாது.
3. கடன், வரப்பு, பாகப்பிரிவினைச் சண்டையை இங்கே கொண்டுவரக் கூடாது.
4. கட்சிப் பிரசாரம், ஓட்டு கேட்பது கூடாது.
5. ஏபிகே கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு), பணம் இரட்டிப்பு லிங்க், லாட்டரி கூடாது.
6. இரவு 10 முதல் காலை 5 வரை துட்டி, விபத்து, அவசர ரத்தத் தேவை, வெள்ளம் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

முதல் விதியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, பள்ளியில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. அந்தக் கயிறுதான் கைபேசியில் ஸ்டேட்டஸ் பாட்டாக வருகிறது. இந்த ஒன்றில் "சின்னப் பையன், விளையாட்டாப் போட்டுட்டான்" என்று அட்மின் விட்டுவிடக் கூடாது. பையனைத் தூக்குவதற்கு முன் அவன் அப்பாவிடம் பேசுங்கள், ஆனால் அந்த வீடியோவை அந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

ஆறாவது விதியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம். வேலை முடிந்து அவர்கள் ஒன்பது மணிக்குப் போடுவது இங்கே பத்தரையிலோ பதினொன்றரையிலோ வந்து விழும். இதை மீறலாக எண்ணித் தூக்கினால் அநியாயம். நினைவூட்டினால் போதும்.

விதிகளை குரூப் விவரத்தில் எழுதிவிடுங்கள். கூடவே ஒரு செய்தியாகவும் போட்டு, அது குரூப்பின் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். அந்த 'பின்' 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்றுதான் நிற்கும், அதனால் மாதம் ஒருமுறை மறுபடி 'பின்' செய்ய வேண்டும். புதிதாக வருபவருக்குப் பழைய செய்திகள் பொதுவாகத் தெரியாது. விவரத்தில் இல்லாத விதியை வைத்து அவரைத் தூக்கினால் "எனக்கு யாரு சொன்னா?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

தானாக விலகுபவர்கள்

2022 ஆகஸ்டுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒருவர் 'லெஃப்ட்' ஆனால் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். கடந்த 60 நாளில் விலகியவர்கள் யார் என்று பட்டியலைத் தேடிப் பார்த்தால் மற்ற உறுப்பினருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைத் தேடிப் பார்ப்பதில்லை. சத்தமில்லாமல் போக அந்த வசதி உண்டாக்கப்பட்டது. அட்மின் அதை குரூப்பில் போட்டு, "இன்னார் ஏன் போயிட்டாரு, யாராவது கேளுங்க" என்று எழுதுவது அவரைத் தெருவில் நிறுத்துவதற்குச் சமம்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு அழைப்பு, அதுவும் அன்றே அல்ல. இரண்டு நாள் கழித்து, சூடு ஆறியபின். கேள்வி ஒன்றுதான்: "தாக்கல் குரூப்புல மட்டும் இருக்கீங்களா, இல்ல அதுவும் வேண்டாமா?" காரணம் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவரே சொல்வார். அவர் வேண்டாம் என்றால், துட்டித் தாக்கலை அவர் வீட்டில் யாருக்கு அழைத்துச் சொல்வது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்மதமில்லாமல் மறுபடி சேர்ப்பது பெரிய தவறு. சேர்க்கச் சேர்க்க அவர் விலகுவார், கடைசியில் அட்மின் எண்ணையே பிளாக் செய்வார், அதன்பின் அவசரத்துக்குக்கூட அவரைப் பிடிக்க முடியாது.

கட்டிக்கொடுத்த பெண்கள் விலகுவது பலமுறை அவர்கள் விருப்பத்தால் அல்ல, புகுந்த வீட்டில் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவர்களை அட்மின் அழைக்க வேண்டாம். அம்மாவோ மைனியோ கேட்டால் போதும்.

இறந்தவரின் எண் வேறு வகை. செயலிழந்த எண்ணை 90 நாள் கழித்துத் தொலைத்தொடர்பு நிறுவனம் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அந்த எண் குரூப்பில் இருந்துவிட்டால், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஊரின் துட்டியையும் கல்யாண வீட்டுப் படங்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் வீட்டாரிடம் கேளுங்கள். சிலர் அந்த எண்ணைப் பிள்ளை பெயருக்கு மாற்றி வைத்துக்கொள்வார்கள், அப்படியானால் தொட வேண்டாம். ரீசார்ஜ் செய்யப்போவதில்லை என்றால் மூன்று மாதம் முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். இதை விதிமீறலோடு சேர்த்து எழுதாமல், அட்மின்கள் வைத்திருக்கும் கணக்கு நோட்டில் "காலமானார், குடும்பத்தின் சம்மதத்தோடு" என்று தனியே எழுதுங்கள்.

தூக்கும் வரிசை

வரிசை மாறினால் சண்டை வரும். அநேக குரூப்களில் முதலில் தூக்கிவிட்டுப் பிறகு காரணம் தேடுகிறார்கள்.

முதலில் ஸ்கிரீன்ஷாட். தேதி, நேரம், அனுப்பியவர் எண் மூன்றும் தெரிய வேண்டும். அழித்தபின் எடுக்க முடியாது. போட்டவரே இரண்டரை நாளுக்குள் எல்லோருக்குமாக அழித்துவிட முடியும், அப்புறம் "நான் அப்படிப் போடவே இல்லை" என்பார். சாட்சி இல்லாமல் எந்த முடிவும் நிற்காது. பெண்ணின் படம் சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும் படத்தை மறைத்து எடுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டே இன்னொரு பிரதியாகச் சுற்றிவிடக் கூடாது.

அடுத்து அழிப்பது. அட்மின் அழித்தால் அழித்தவர் பெயரோடு எல்லோருக்கும் அது தெரியும், மறைக்க முடியாது. அதனால் அழித்த கையோடு "விதி 5, அழிக்கப்பட்டது" என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், தனக்கு எதிரான செய்தியை அட்மின் அழித்துவிட்டார் என்ற பேச்சு டீக்கடைக்கு முதலில் போய்ச் சேரும்.

பிறகு அளவு. முதல் முறை தனியாக ஒரு அழைப்பு, எழுத்தில் அல்ல, குரலில். எழுதினால் அது ஸ்கிரீன்ஷாட் ஆகும். தவிர, எழுத்தில் கோபம் இரண்டு மடங்காகத் தெரியும். இரண்டாம் முறை 7 நாள். மூன்றாம் முறை 30 நாள். அதற்கு மேல் ஒரு வருஷம். நிரந்தரம் என்ற ஒன்றை வைக்காமல் இருப்பது நல்லது. கொடைக்குக் கொடை எல்லோர் கணக்கையும் திரும்பப் பார்ப்பது என்று வைத்தால், ஊரோடு ஒட்டிக்கொள்ள அவருக்கு ஒரு வழி இருக்கும்.

உடனே தூக்க வேண்டியவை மூன்று: கொலை மிரட்டல், ஆபாசப் படம், கணக்கு பறிபோய்விட்ட எண். மூன்றாவதில் ஆள் குற்றவாளி அல்ல. 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் ஏபிகே கோப்பு வந்தால், அனுப்பியவரின் கைபேசி ஏற்கெனவே வேறு கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த நேரம் மட்டும் தாக்கல் குரூப்பிலிருந்தும் எடுக்க வேண்டும், ஏனென்றால் படிப்பது அவர் இல்லை. எடுத்த உடனே சாதாரண அழைப்பில் அவரைப் பிடித்துச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். கைபேசி சரியான அன்றே இரண்டு குரூப்பிலும் திரும்பச் சேர்த்து, "அவர் எண் சரியாகிவிட்டது, தவறு அவருடையது அல்ல" என்று எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் அவர் பெயரில் ஒரு கறை நின்றுவிடும்.

மற்ற எல்லாவற்றுக்கும், தூக்குவதற்கு முன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்:

"அண்ணாச்சி, நேத்து ராத்திரி நீங்க போட்ட வீடியோவ அழிச்சிருக்கோம், விதி 1-ல வருது. இது ரெண்டாவது தடவ. அதனால அடுத்த திங்கக்கெழம காலம்பற வரைக்கும் பேச்சு குரூப்புல இருக்க மாட்டீங்க. தாக்கல் குரூப்புல அப்படியே இருக்கீங்க. முடிவு தப்புன்னு பட்டா நம்ம முறையீடு கேக்குற டீச்சர்கிட்ட சொல்லுங்க."

ஏழு நாள் என்று சொன்னால் ஏழு நாள். வாட்ஸ்அப்பில் நாள் குறித்துத் தடை வைக்கும் வசதி இல்லை, ஒருவரை மட்டும் பேசாமல் வைக்கவும் முடியாது. தூக்கலாம், திரும்பச் சேர்க்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் ஏழு நாள் ஏழு மாதமாகிவிடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, மறந்துவிடுகிறார்கள். தூக்கிய நிமிடமே இரண்டு அட்மின்களின் கைபேசியில் திரும்பச் சேர்க்கும் நாளுக்கு அலாரம் வையுங்கள். அவர் வந்து கேட்கும்படி விடாதீர்கள், கேட்க மாட்டார். டெலிகிராமில் ஒருவரைக் குறிப்பிட்ட தேதி வரை பேசவிடாமல் கட்டுப்படுத்தலாம், அட்மின்கள் செய்தவை 48 மணி நேரம் பதிவிலும் இருக்கும். ஆனால் ஊரில் பெரியவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள் என்பதால் அந்த வசதிக்காக இடம் மாறுவதில் பயனில்லை.

தூக்கிய பிறகும் பழைய செய்திகள் எல்லாம் அவர் கைபேசியில் இருக்கும். அழைப்பு லிங்க் பல கை மாறியிருக்கும், வேறு சிம்மில் அதே ஆள் உள்ளே வரலாம். லிங்க்கை மாற்றுங்கள், புதியவரை அட்மின் ஒப்புதலோடு மட்டும் சேர்க்கும் அமைப்பை இயக்குங்கள்.

ஒருவரைத் தூக்கலாமா என்று குரூப்பில் 'போல்' (வாக்கெடுப்பு) நடத்தாதீர்கள். யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது பெயரோடு தெரியும். பெரிய குடும்பம் எப்போதும் ஜெயிக்கும், சின்னக் குடும்பம் எப்போதும் தூக்கப்படும்.

நோட்டு

கொடை முடிந்ததும் வரவு செலவை ஊர்க் கூட்டத்தில் வாசிப்பது நமக்குப் பழக்கம். பந்தலுக்கு எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று பைசா வரை கேட்பார்கள். அட்மினுடைய அதிகாரமும் ஊர் கொடுத்ததுதான், அதற்கும் கணக்கு வாசிக்க வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு வரி: தேதி, எந்த விதி, என்ன செய்தது, எத்தனை நாள், முடிவெடுத்த அட்மின்கள், திரும்பச் சேர்த்த தேதி. கடைசிப் பத்தி காலியாக இருந்தால் அது பாக்கி. அந்தப் பத்தியைப் பார்த்தாலே அட்மின் நியாயமானவரா என்று தெரிந்துவிடும். நோட்டைக் கைபேசியில் மட்டும் வைக்காதீர்கள். கைபேசி தண்ணீரில் விழும், அட்மின் கோபித்துக்கொண்டு போவார்.

குரூப்பில் போடும் அறிவிப்பில் பெயர் வேண்டாம். "விதி 1-ஐ மீறிய வீடியோ ஞாயிறு இரவு அழிக்கப்பட்டது. இரண்டாம் முறை என்பதால் 7 நாள் நீக்கம். அடுத்த வாரம் திங்கள் காலை திரும்பச் சேர்க்கப்படுவார். மூன்று அட்மின்கள் சேர்ந்து எடுத்த முடிவு." யார் என்று ஊருக்கு எப்படியும் தெரியும்தான். ஆனால் பெயரோடு எழுதியது சம்பந்தி வீட்டுக்குப் போகும், பெண் பார்க்க வருபவர் கையில் கிடைக்கும். புகார் சொன்னவர் பெயரை நோட்டில்கூட எழுத வேண்டாம், அதுவும் சொன்னது ஒரு பெண் என்றால்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொகையை மட்டும் தாக்கல் குரூப்பில் போடுங்கள்: அழித்தவை எத்தனை, நீக்கம் எத்தனை, முறையீடு எத்தனை, அதில் மாற்றியது எத்தனை. முறையீட்டில் ஒன்றுகூட மாறவில்லை என்று வருஷம் முழுக்க வந்தால், முறையீட்டை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

அட்மின்கள்

மூன்று அல்லது ஐந்து பேர். எல்லோரும் ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே கட்சி என்று இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. ஒரு பெண் கட்டாயம். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவராக இருந்தால் நல்லது, நோட்டு அவரிடமே இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் ஒருவரும் வேண்டும். ஊரில் மின்சாரமும் டவரும் போன நாளில் அவர்தான் தாக்கல் போடுவார்.

சொந்தக்காரர் விஷயத்தில் அட்மின் ஒதுங்க வேண்டும் என்று எழுதினால் ஒதுங்காதவர் யாரும் மிஞ்ச மாட்டார்கள், ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் மாமா மச்சான்தான். அதனால் குறுக்கிச் சொல்லுங்கள்: ஒரே வீடு, சம்பந்தி வீடு, கொடுக்கல் வாங்கல் நிலுவையில் இருப்பவர். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அந்த முடிவில் அவர் சேரக் கூடாது. அட்மினே விதியை மீறினால் அளவு அதேதான், தவிர அட்மின் பொறுப்பும் போகும்.

முறையீட்டைக் கேட்பவர் அட்மினாக இருக்கவே கூடாது. ஓய்வு பெற்ற ஆசிரியர், தபால்காரர் போல எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்காரக்கூடிய ஒருவர். மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும். ஏழு நாள் நீக்கத்துக்குப் பத்தாம் நாள் பதில் வந்து பயனில்லை.

போலீஸ் பயத்தில் சில அட்மின்கள் கண்டவரையும் தூக்குவார்கள். குரூப்பின் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, உறுப்பினர் போட்டதற்கு அவரைக் குற்றவாளியாகச் சேர்க்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2022-இல் அதையே சொன்னது. அட்மினும் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு. கெட்ட செய்தியைப் பார்த்தபின்னும் அதைப் பரப்பினாலும் வேறு.

பொறுப்பு ஒரு கொடையிலிருந்து அடுத்த கொடை வரை. ஒரே அட்மின் மட்டும் இருந்து அவர் திடீரென விலகினால், வாட்ஸ்அப் உறுப்பினரில் யாராவது ஒருவரைத் தானாக அட்மின் ஆக்கிவிடும். அது பத்தாம் வகுப்புப் பையனாகவும் இருக்கலாம். எனவே மாறும் நாளில் புதியவரை முதலில் அட்மின் ஆக்கி, பிறகு பழையவரை இறக்குங்கள். அழைப்பு லிங்க்கை மாற்றுங்கள். நோட்டில் பாக்கியுள்ள வரிகளை இருவரும் சேர்ந்து வாசித்து, திரும்பச் சேர்க்க வேண்டியவர்களை அன்றைக்கே சேர்த்து, அடியில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.